பட்ஜெட் பணம் எங்கள் தெருவுக்கு எந்த வழியாக வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட சென்னை வியாசர்பாடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, சொத்து வரி ஆன்லைனில் கட்டுவது, பட்டாவுக்கு எழுதிப்போடுவது என்று அரசு சம்பந்தப்பட்ட எந்தக் காகிதமாக இருந்தாலும் எங்கள் பக்கத்து ஜனங்கள் முதலில் வந்து நிற்பது என் கடை வாசலில்தான். சட்டமன்றத்தில் பட்ஜெட் வாசித்த மறுநாளிலிருந்து ஒரு பத்து நாளைக்குக் கேள்வி மேல் கேள்வியாக வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். வேறு வருடம் குறிப்பிடாத பட்ஜெட் எண்கள் எல்லாம் 2025 மார்ச் 14 அன்று தாக்கலான 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டிலிருந்து எடுத்தவை. வருடா வருடம் எண் மாறும், பணம் வருகிற பாதை பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்.

கோட்டையில் வாசிக்கிறார்கள், டிவியில் பார்க்கிறோம். அதற்கும் எங்கள் தெருவுக்கும் என்ன சம்பந்தம்?

எங்கள் தெருவில் பூ கட்டி விற்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். விடியற்காலையில் கோயம்பேட்டுக்குப் பூ வாங்கக் கிளம்புகிறார், சாதாரணக் கட்டண பஸ், அவருக்குக் காசு இல்லாத டிக்கெட். அந்தக் காசை மாநில அரசு மாநகர் போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்கிறது. திரும்பி வந்து அம்மா உணவகத்தில் நான்கு இட்லி, நான்கு ரூபாய். இட்லிக்கு ஆகிற மீதிச் செலவு மாநகராட்சியுடையது. மகன் படிக்கிற மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் காலை உணவு, அது மாநில அரசின் திட்டம். வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீர் சென்னைக் குடிநீர் வாரியத்துடையது. ரேஷன் அரிசியில் மத்திய அரசின் ஒதுக்கீடும் இருக்கிறது, மாநில அரசின் பணமும் இருக்கிறது.

காலை ஒன்பது மணிக்குள் ஒரே ஆளின் வாழ்க்கைக்குள் நான்கு பைகளிலிருந்து பணம் வந்து போய்விட்டது: மாநில அரசு, மாநகராட்சி, வாரியங்களும் கழகங்களும், மத்திய அரசு. என் அனுபவத்தில் ஜனங்கள் அலைவதற்குப் பாதிக் காரணம், எது எந்தப் பை என்று தெரியாமல் தவறான கதவைத் தட்டுவதுதான். கீழே வருகிற பதில்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி இதையேதான் சொல்லும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் எவ்வளவு பணம்? எங்கே போகிறது?

2025-26 மதிப்பீட்டில் மாநிலத்தின் வருவாய் வரவு ஏறக்குறைய 3 லட்சத்து 31 ஆயிரத்து 500 கோடி ரூபாய். இதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 2 லட்சத்து 21 ஆயிரம் கோடி, மாநிலமே வசூலிக்கிற வரி. மத்திய வரியில் நமக்கு வரும் பங்கு சுமார் 58 ஆயிரம் கோடி. மானியமாக மத்திய அரசு தருவது 24 ஆயிரம் கோடிக்குக் கொஞ்சம் குறைவு. மீதி கட்டணம், வட்டி, ராயல்டி போன்றவை.

வருவாய்ச் செலவு, அதாவது அன்றாடம் செலவாகிப் போவது, சுமார் 3 லட்சத்து 73 ஆயிரம் கோடி. அதை நூறு ரூபாயாக வைத்துப் பாருங்கள். மானியங்களும் உதவித்தொகைகளும் உள்ளாட்சிகளுக்குக் கொடுப்பதும் சேர்ந்து 41 ரூபாய், சம்பளம் 24, பழைய கடனுக்கு வட்டி 19, ஓய்வூதியம் 11. பராமரிப்புக்கும் அன்றாட இயக்கத்துக்கும் மிஞ்சுவது நாலரை ரூபாய்தான்.

அந்த நாலரை ரூபாயை நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. புதுக் கட்டடம் திறப்பார்கள், மூன்று வருடம் கழித்து அதன் கதவு தொங்கும். பூங்கா திறப்பார்கள், ஊஞ்சல் சங்கிலி அறுந்தால் மாட்ட ஆள் வராது. கட்டுவதற்கு ஒரு தலைப்பில் பணம் வரும், காப்பாற்றுவதற்கு வேறு தலைப்பிலிருந்து வர வேண்டும், அந்தத் தலைப்புதான் எல்லாவற்றையும்விடச் சின்னது.

பட்ஜெட்டில் அறிவித்துவிட்டார்கள். ஏன் இன்னும் வேலை தொடங்கவில்லை?

அதிகம் பேர் கோபமாகக் கேட்கிற கேள்வி இது, கோபத்தில் நியாயமும் இருக்கிறது. உரையில் வாசிப்பது ஆரம்பம் மட்டும்தான். அப்புறம் அந்தந்தத் துறையின் மானியக் கோரிக்கை, அதாவது ‘எங்கள் துறைக்கு இவ்வளவு பணம் வேண்டும்’ என்ற கோரிக்கை, சட்டமன்றத்தில் நிறைவேற வேண்டும். துறை அரசாணை போட வேண்டும், அதில்தான் நிர்வாக ஒப்புதல் இருக்கும். அதற்குப் பிறகு விரிவான திட்ட அறிக்கை, மதிப்பீடு, டெண்டர், பணி ஆணை. ரயில்வே இடம், வனத்துறை, நிலம் எடுப்பு என்று ஏதாவது குறுக்கே வந்தால் அதற்கு ஒரு தனிக் காலம்.

வட சென்னை வளர்ச்சித் திட்டத்தையே பாருங்கள். 2023-24 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அடிக்கல் நாட்டி முறையாகத் தொடங்கியது 2024 மார்ச்சில், அப்போது சொன்ன தொகை 4,181 கோடி. தொகை எப்படி நான்கு மடங்கானது என்று பலர் கேட்டார்கள். மாநகராட்சி, குடிநீர் வாரியம், மின்வாரியம், வீட்டுவசதி என்று பல துறைகள் செய்கிற வேலைகளையும் ஒரே குடைக்குள் கொண்டுவந்து கூட்டியதால் வந்த தொகை அது. தவறு என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பெரிய எண்ணைக் கேட்டால் ‘இதில் புதுப் பணம் எவ்வளவு, ஏற்கெனவே வேறு தலைப்பில் இருந்தது எவ்வளவு’ என்று கேட்டுப் பழக வேண்டும்.

எங்கள் கணேசபுரம் சுரங்கப்பாதை இன்னொரு உதாரணம். நல்ல மழை பெய்தால் தண்ணீர் நின்று அடைத்துவிடுவார்கள், பெரம்பூர் பக்கம் போக வேண்டியவர்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டும், சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அதற்கு மேலே மேம்பாலம் கட்டுகிற வேலை மாநகராட்சியுடையது, குறுக்கே போகிற தண்டவாளம் ரயில்வேயுடையது. ஒரே பாலத்துக்குள் இரண்டு பை வந்துவிட்டால், ஒன்றில் காசு தயாராக இருந்தாலும் இன்னொன்றின் அனுமதிக்கும் வேலைக்கும் காத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பைக் கேட்கும்போது தொகையைவிட ‘எத்தனை பேருக்கு’ என்பதைக் கவனியுங்கள். உணவு டெலிவரி செய்கிற எங்கள் பகுதிப் பையன்கள், மின்சார ஸ்கூட்டருக்கு 20,000 ரூபாய் மானியம் என்று கேள்விப்பட்டு அன்றைக்கே ஓடி வந்தார்கள். 2025-26 பட்ஜெட்டில் அது 2,000 தொழிலாளர்களுக்கு என்று இருந்தது, நல வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு. பெருக்கிப் பார்த்தால் நான்கு கோடி ரூபாய். நல்ல திட்டம்தான், ஆனால் சென்னையில் பைக்கில் சுற்றுகிறவர்களின் எண்ணிக்கைக்கு முன்னால் 2,000 என்பது எவ்வளவு? வந்த பையன்களிடம், ஸ்கூட்டர் கிடைக்கிறதோ இல்லையோ வாரியத்தில் பதிவு செய்துவிடுங்கள், நாளைக்கு எது வந்தாலும் அந்த அட்டையைத்தான் கேட்பார்கள் என்று சொல்லி அங்கேயே விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன்.

தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள், மூடவில்லை. யாரைக் கேட்பது?

தோண்டியது எதற்காக என்று முதலில் பாருங்கள். மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை, உள் தெருச் சாலை எல்லாம் மாநகராட்சி. கழிவுநீர்க் குழாயும் குடிநீர்க் குழாயும் குடிநீர் வாரியம். கேபிள் என்றால் மின்வாரியமாக இருக்கலாம், தனியார் இணைய நிறுவனமாகவும் இருக்கலாம். பெரிய சாலைகளில் சில நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் ஒரு துறை குழாய் போடத் தோண்டியது. மேல் மண்ணை மட்டும் தள்ளிவிட்டுப் போனார்கள். சாலை போட வேண்டியது இன்னொரு துறை, அவர்கள் ‘தோண்டியவர்கள் பணம் கட்டினால்தான் போடுவோம்’ என்றார்கள். நான்கு மாதம். எதிர்வீட்டுத் தாத்தா மசூதிக்குப் போகிற வழியில் அதே பள்ளத்தில் விழுந்து கை உடைந்தது. கடைசியில் வேலை விவரப் பலகையைத் தேடிப் பிடித்தோம், ஒரு லாரி பின்னால் சாய்ந்து கிடந்தது. அதில் வேலையின் பெயர், மதிப்பீடு, ஒப்பந்ததாரர், முடிக்க வேண்டிய தேதி எல்லாம் இருந்தது. அதைப் போட்டோ எடுத்து மனுவோடு சேர்த்துக் கொடுத்த பிறகு இரண்டு வாரத்தில் தார் போட்டார்கள்.

ஆகவே எங்கே வேலை நடந்தாலும் முதல் நாளே பலகையைப் போட்டோ எடுத்துவையுங்கள். மாநகராட்சி வேலை என்றால் 1913 எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகார் புகாரே இல்லை.

மாநகராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? மாநில அரசு கொடுப்பதுதானே?

ஒரு பகுதிதான். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் நிகரமாக 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி பிரிக்கிறார்கள். ஊராட்சிகள், பேரூராட்சிகள், நகராட்சிகள், மாநகராட்சிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தப் பத்து. அதில் சென்னைக்கு ஒரு பங்கு. அதற்கு மேல் மாநகராட்சியின் சொந்த வருமானம் சொத்து வரி, தொழில் வரி, உரிமக் கட்டணம் போன்றவை. பெரிய வடிகால் வேலைகள் பல வெளிக்கடனில் நடக்கின்றன, உதாரணமாகக் கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதியின் வடிகாலுக்கு ஆசிய வளர்ச்சி வங்கியின் கடன்.

2011-இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தது. மணலி, மாதவரம், அம்பத்தூர், சோழிங்கநல்லூர் எல்லாம் உள்ளே வந்தன. வார்டுகள் 200 ஆயின. சேர்ந்த பகுதிகளில் பாதாளச் சாக்கடையும் வடிகாலும் புதிதாகப் போட வேண்டியிருந்தது, அந்த வேலை வருடக்கணக்கில் இழுக்கிறது. கொடுமை என்னவென்றால், 2016-இல் பதவிக்காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரி வரை சென்னைக்கு உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு மேல், எந்தத் தெருவுக்கு முதலில் பணம் என்று கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல் அதிகாரிகள் மட்டுமே நடத்தினார்கள்.

சொத்து வரி ஏன் ஒரேயடியாக ஏறியது? நான் வாடகைக்கு இருக்கிறேன், எனக்கு அதனால் என்ன?

சென்னையில் 1998-க்குப் பிறகு சொத்து வரியை உயர்த்தாமலே வைத்திருந்தார்கள். 2022 ஏப்ரலில் உயர்வு வந்தது. பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம். 15-ஆவது நிதி ஆணையம், உள்ளாட்சிகளுக்கு மானியம் வேண்டுமென்றால் சொத்து வரியின் குறைந்தபட்ச அளவை அறிவித்தாக வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தது. டெல்லியில் எழுதிய ஒரு நிபந்தனை, கோட்டையில் ஒரு அறிவிப்பாகி, மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் தீர்மானமாகி, வியாசர்பாடியில் உங்கள் வாடகையில் வந்து உட்கார்ந்தது.

வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் யாருக்கும் வலித்திருக்காது என்பது என் கருத்து. ஓட்டுக்குப் பயந்து இருபத்து நான்கு வருடம் தள்ளிப்போட்டதன் விலையை ஒரே வருடத்தில் கொடுத்தோம். வீட்டுக்காரர் அரையாண்டு வரி நூறு ரூபாய் கூடினால் மாத வாடகையில் ஐந்நூறு ஏற்றினார், எங்கள் பக்கத்தில் நிறைய வீட்டில் நடந்தது. ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். வரி எண் தெரிந்தால் மாநகராட்சி இணையதளத்தில் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். வீட்டுக்காரர்களுக்கு: அரையாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு.

கரண்ட் 100 யூனிட் இலவசம் என்கிறார்கள். எனக்கு ஏன் யூனிட்டுக்குப் பத்து ரூபாய்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை, 2016-இலிருந்து இருக்கிறது. அதற்கான பணத்தை மாநில அரசு பட்ஜெட்டிலிருந்து மின்வாரியத்துக்குக் கொடுக்கிறது. ஆனால் சலுகை மீட்டருக்குத்தான், ஆளுக்கு இல்லை. மீட்டர் வீட்டுக்காரர் பெயரில். ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருந்தால் மூன்று பேரின் யூனிட்டும் கூடி மேல் படிக்குப் போய்விடும், கட்டண விகிதமும் ஏறும். அப்புறம் அவர் தன் கணக்குக்கு யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது, பத்து என்று வசூலிப்பார். ஒற்றை அறையில் ஒரு ஃபேனும் ஒரு டியூப்லைட்டும் வைத்திருக்கிற குடும்பம், தனி வீட்டில் ஏசி போட்டிருப்பவரைவிட அதிக விகிதத்தில் கட்டுகிறது.

மானியம் கொடுக்கிற மனசு அரசுக்கு இருக்கிறது, பணமும் ஒதுக்குகிறார்கள், ஆனால் அது வாடகைக் குடித்தனத்தின் வாசல் வரை வந்து திரும்பிப் போகிறது. சென்னையில் பாதிப் பிரச்சினை இதுதான். முடிந்தவரை தனி மீட்டர் இருக்கிற வீட்டைப் பாருங்கள், வாடகை கொஞ்சம் கூடினாலும் கணக்குப் போட்டால் சரியாக வரும். 

மகளிர் உரிமைத் தொகை பக்கத்து வீட்டுக்கு வருகிறது, எனக்கு வரவில்லை. ஏன்?

2023 செப்டம்பர் 15 அன்று மாதம் 1,000 ரூபாய் திட்டம் தொடங்கியபோது ஒரு கோடியே 6 லட்சம் பெண்கள் அதில் இருந்தார்கள். 2025-26-க்கு ஒதுக்கியது சுமார் 13,800 கோடி. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குக் கீழே, வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குக் கீழே மின்சாரம், கார் வைத்திருக்கக் கூடாது, அரசு ஊழியரோ வருமான வரி கட்டுபவரோ குடும்பத்தில் இருக்கக் கூடாது என்று நிபந்தனைகள்.

மேலே சொன்ன மீட்டர் விஷயம் இங்கேயும் வந்து இடிக்கும். என் கடைக்கு வந்த ஒரு அக்கா, கணவர் இல்லை, இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். விண்ணப்பம் நிராகரிப்பு, காரணம் மின் பயன்பாடு. பார்த்தால் அவர் விண்ணப்பத்தில் கொடுத்த இணைப்பு எண், நான்கு குடித்தனம் சேர்ந்து ஓடுகிற வீட்டுக்காரர் மீட்டருடையது. மேல்முறையீடு எழுதி, வாடகை ரசீது, பக்கத்துக் குடித்தனங்களின் கையெழுத்து எல்லாம் வைத்து அனுப்பினோம். மூன்று முறை அலுவலகத்துக்கு நடந்தார், ஒவ்வொரு முறையும் அரை நாள் கூலி போனது. ஐந்தாவது மாதம் பணம் வந்தது. அன்றைக்குக் கடைக்கு வந்து செல்போனில் அந்தக் குறுஞ்செய்தியைக் காட்டினார், எனக்குப் படிக்கவே முடியவில்லை, கண் கலங்கிவிட்டது.

நிராகரித்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காரணம் தெரிந்தால்தான் எந்தக் காகிதம் வைப்பது என்று தெரியும்.

இலவச பஸ், இலவச இட்லி என்று கொடுத்தால் ஊர் எப்படி முன்னேறும்?

முதலில் இட்லி இலவசம் இல்லை, ஒரு ரூபாய். 2013 பிப்ரவரியில் அம்மா உணவகம் தொடங்கியபோது வைத்த விலை அது. சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று. விலை ஏறாமல் இருப்பதால் அரிசி, பருப்பு, கேஸ் விலை ஏற ஏற நஷ்டம் மாநகராட்சியின் தலையில் கூடிக்கொண்டே போகிறது. 2024-இல் பாத்திரம் வாங்கவும் கட்டடத்தைச் சரிசெய்யவும் 21 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள், தேவைதான். ஆனால் திட்டத்தை அறிவித்தது ஒரு பை, நஷ்டத்தைச் சுமப்பது இன்னொரு பை என்ற ஏற்பாடு மாற வேண்டும் என்று நினைக்கிறேன்.

பஸ்ஸைப் பற்றி: பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. 2025-26-இல் இதற்காக 3,600 கோடி ரூபாய். மாநிலத் திட்டக்குழு ஆய்வில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று வந்தது. அந்தப் பணம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும், தெருமுனைக் காய்கறிக் கடைக்கும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும் போகிறது. நடந்து போகிற தூரத்துக்குள் மட்டும் வீட்டு வேலை தேடிய பெண்கள், இப்போது அண்ணா நகர், கீழ்ப்பாக்கம் வரை போய் அதிகச் சம்பளத்துக்குச் செய்கிறார்கள். இதை எப்படி வீண் என்று சொல்வது?

என் குறை வேறு. அந்தச் சாதாரண பஸ் போதுமான அளவு வர வேண்டும். டிக்கெட் காசு இல்லை, ஆனால் முக்கால் மணி நேரம் நிறுத்தத்தில் நின்றால் ஷேர் ஆட்டோவுக்குத்தான் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. 2025 ஜூன் 30 அன்று எங்கள் வியாசர்பாடி பணிமனையிலிருந்துதான் 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின, ஓட்டுவது தனியார், கிலோமீட்டர் கணக்கில் கழகம் பணம் கொடுக்கிறது. எந்தத் தடத்தில் எத்தனை சாதாரணக் கட்டண பஸ் என்பதைத்தான் இனி நாம் கவனித்துக் கேட்க வேண்டும்.

டாஸ்மாக்கை மூடினால் என்ன ஆகும்?

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலம் தானே விகிதம் வைக்கக்கூடிய வரிகள் சிலதான் மிஞ்சின. பெட்ரோல், டீசல், மது, பத்திரப்பதிவு, வாகன வரி, மின்சார வரி. 2024-25-இல் மது மூலம் வந்த வருவாய் 48 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல், மாநிலத்தின் சொந்த வரியில் ஏறக்குறையக் கால் பங்கு. பையன் சாப்பிடுகிற காலை உணவுக்கும் அம்மாவுக்கு வருகிற ஆயிரத்துக்கும் அப்பா சாயங்காலம் வரிசையில் நின்று கொடுக்கிற காசுக்கும் தொடர்பு இருக்கிறது. எங்கள் தெருவில் மாதம் ஆயிரம் வாங்குகிற வீட்டிலிருந்து மாதம் ஆறாயிரம் அந்தக் கடைக்குப் போகிறது, நான் பார்த்துக்கொண்டிருக்கிற உண்மை இது. ஒரே நாளில் மூட முடியாது என்பது புரிகிறது. ஆனால் இந்த வருமானத்தை வருடா வருடம் குறைப்பதற்கு ஒரு அட்டவணை பட்ஜெட்டிலேயே வர வேண்டும், அது வராதவரை எந்தக் கட்சி சொல்லும் வாக்குறுதியையும் நான் நம்ப மாட்டேன்.

வாரிய வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்களாம். பட்ஜெட்டில் எங்களுக்கு என்ன இருக்கிறது?

குடிசை மாற்று வாரியம் 1970-இல் வந்தது, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. பழைய அடுக்குமாடிகள் பல விழுகிற நிலையில் இருக்கின்றன, இடித்துக் கட்டுவது அவசியம். கட்டி முடிக்கும்வரை வெளியே இருக்க ஒரு குடும்பத்துக்குக் கருணைத் தொகையை 8,000-இலிருந்து 24,000 ரூபாயாக உயர்த்தினார்கள். கட்ட இரண்டு வருடம் ஆகிறது என்று வையுங்கள், மாதம் 1,000 வருகிறது. எங்கள் பக்கத்தில் ஓர் அறை வாடகை எவ்வளவு என்று நான் சொல்லத் தேவையில்லை, முன்பணம் தனி.

வீட்டைக் காலி செய்யும் முன் ஒதுக்கீடு செய்வதற்கான எழுத்து, முடியும் காலம், பயனாளிப் பங்குத் தொகை எவ்வளவு என்ற மூன்றையும் காகிதத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தென்கோடியில் உள்ள வாரியக் குடியிருப்புகளான கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டுப் போனவர்கள் வீட்டை இழந்ததைவிட, பிள்ளையின் பள்ளியும் வேலையும் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனதைத்தான் அதிகம் சொல்லி அழுதார்கள்.

மத்திய அரசு பணம் தரவில்லை என்கிறார்களே, அது நம்மைத் தொடுமா?

தொடும். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 63,246 கோடி ரூபாய்த் திட்டம். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது, ஆனால் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2024 அக்டோபர் 3 அன்று. இடையில் பெரும் செலவை மாநிலமே கடன் வாங்கித் தாங்கியது. அந்த வருடங்களில் வேறு எதற்கோ போயிருக்க வேண்டிய பணம் அது.

இன்னும் கிட்டே ஒன்று. பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா நிதியில் 2024-25-க்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை, தேசியக் கல்விக் கொள்கையோடு இணைந்த ஒரு திட்டத்தில் மாநிலம் கையெழுத்திடாததால் மத்திய அரசு நிறுத்திவைத்தது. தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீத இடத்துக்குப் பள்ளிகளுக்குத் தர வேண்டிய பணமும் அதில்தான் இருந்தது. 2025-இல் அந்தச் சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனது. மே மாதம் முழுவதும் என் கடையில் பெற்றோர் வந்து ‘இணையதளம் திறந்துவிட்டதா’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இரண்டு அரசுகளின் கொள்கைச் சண்டை எதுவாகவும் இருக்கட்டும், எல்கேஜி சேர வேண்டிய பிள்ளை காத்திருந்தது.

இவ்வளவு கடன் இருக்கிறதே, பயப்பட வேண்டுமா?

2026 மார்ச் இறுதிக்கு மதிப்பிட்ட நிலுவைக் கடன் சுமார் 9 லட்சத்து 30 ஆயிரம் கோடி, மாநில உற்பத்தி மதிப்பில் 26 சதவீதம். கடன் என்பதாலேயே கெட்டதில்லை. எதற்கு வாங்குகிறோம் என்று பாருங்கள். அந்த வருடம் நிதிப் பற்றாக்குறை, அதாவது கடன் வாங்கி அடைக்க வேண்டிய மொத்தத் துண்டு, சுமார் 1 லட்சத்து 7 ஆயிரம் கோடி, அதில் 41,600 கோடி வருவாய்ப் பற்றாக்குறை. அதாவது கடன் வாங்கும் நூறு ரூபாயில் 39 ரூபாய் அன்றாடச் செலவுக்கே போகிறது. மகள் படிப்புக்குக் கடன் வாங்குவதும் மளிகைக்குக் கடன் வாங்குவதும் ஒன்றா? மீதி 61 ரூபாயில் எவ்வளவு பாலமும் பள்ளியும் ஆகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

வீடு, பைக் வாங்கப் போகிறேன். என்ன மாறியிருக்கிறது?

2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக அரசு நிலத்துக்கு வைக்கிற விலையை, உயர்த்தி, பதிவுக் கட்டணத்தை 4 சதவீதத்திலிருந்து 2 ஆக்கினார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம் தனி. 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. இரு சக்கர வாகன வரி 2023 நவம்பரிலிருந்து ஒரு லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 12. முன்பு 8 ஆக இருந்தது.

சரி, நம்மால் என்ன செய்ய முடியும்?

பட்ஜெட் உரையோடு நிறுத்தாதீர்கள். மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும், தமிழிலேயே, அரசு இணையதளத்தில் இலவசமாக இருக்கும். போன வருடம் சொன்னதில் எது முடிந்தது என்று அதில்தான் தெரியும். வட சென்னை பற்றிய பக்கங்களை நான் அச்செடுத்துக் கடையில் தொங்கவிடுகிறேன்.

கவுன்சிலருக்கு வார்டு மேம்பாட்டு நிதி இருக்கிறது, 2025-26-இல் 60 லட்சம். சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி 3 கோடி. தெருவிளக்கு, குழந்தைகள் மையத்துக்குச் சுற்றுச்சுவர் போன்ற வேலைகளுக்கு இவைதான் வேகமான வழி, கேட்கிற தெருவுக்குத்தான் போகும். 2022-இல் கொண்டுவந்த, வார்டு மக்கள் கூடிப் பேசுகிற பகுதி சபைக் கூட்டம் உங்கள் வார்டில் எப்போது என்று கேட்டுப் போங்கள். எங்கள் கூட்டத்துக்கு முதல் தடவை பதினோரு பேர்தான் வந்தோம்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்புங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. ‘இந்தத் தெருவில் இந்த வேலைக்கு ஒதுக்கிய தொகை, இதுவரை கொடுத்த தொகை, பணி ஆணை நகல், அளவுப் புத்தக நகல்’ என்று கேளுங்கள் (முடித்த வேலையை அளந்து எழுதிவைக்கிற பதிவேடுதான் அளவுப் புத்தகம்). எழுதத் தெரியாதவர்கள் கடைக்கு வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட்டம் இருக்காது, உட்கார்ந்து நானே எழுதித் தருகிறேன், தாளுக்குக்கூடக் காசு வேண்டாம்.